தொழுநோயும் ஊனமும்: தென்னிந்தியாவில் ஒரு விலக்கலின் வரலாறு

தொழுநோய் மனிதரைக் கொல்வது அரிது. அது விட்டுச்செல்வது பெரும்பாலும் ஊனமே. இந்நோய்க்குக் காரணமான மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் நுண்கிருமி உடலின் சூடு குறைந்த இடங்களில், அதாவது தோலிலும் தோலை ஒட்டி ஓடும் நரம்புகளிலும், மிக மெதுவாகப் பெருகுகிறது. கிருமி உடலுக்குள் புகுந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, தொட்டால் உணர்வில்லாத, வெளிறிய அல்லது சிவந்த ஒரு படை தோலில் தோன்றுகிறது. அதைக் கவனியாது விட்டால் முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால், முகம் ஆகியவற்றின் நரம்புகள் தடித்துச் செயலிழக்கின்றன. கைவிரல்கள் உள்நோக்கி மடங்குகின்றன, பாதம் தொங்கிவிடுகிறது, கண்ணிமை மூடாமற் போகிறது. மருந்து கிருமியை அழிக்குமே தவிர, பட்டுப்போன நரம்பை மீட்டுத் தராது. எனவே நோய் முற்றிலும் நீங்கிய ஒருவரின் கைகால்களில் நோயின் அடையாளம் ஆயுள் முழுவதும் நிலைத்துவிடுகிறது. அந்த அடையாளத்தையே நோய் என்று கொண்டு குடும்பமும் ஊரும் அரசும் மனிதரை விலக்கிவைத்ததும், அவ்விரண்டும் வேறு வேறு என்று மருத்துவம் தெளிவாகக் காட்டிய பிறகும் சட்டம் அதை ஏற்க அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டதும் தென்னிந்தியத் தொழுநோய் வரலாற்றின் மையச் செய்திகள் ஆகும்.

தமிழ் மருத்துவ மரபு இந்நோயை அறியாததன்று. சித்த மருத்துவ நூல்கள் குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பிரித்தன. அவற்றில் இன்று தொழுநோய் எனப்படுவதோடு வேறு பல தோல் நோய்களும் அடங்கின. தோலின் நிறம் மட்டும் மாறும், எவருக்கும் தொற்றாத, நரம்புக்கும் தொடர்பில்லாத நோய் இன்றளவும் மக்கள் வழக்கில் வெண்குட்டம் என்று வழங்குவது அந்தப் பழைய வகைப்பாட்டின் எச்சமே. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் நீரடிமுத்து மரத்தின் விதையெண்ணெய் குட்டத்துக்கு மருந்தாகப் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில மருத்துவர்களும் அந்த இன மரங்களின் எண்ணெயையே ஊசிவழி செலுத்தினார்கள் என்பதால், உள்ளூர் மருத்துவம் இவ்விஷயத்தில் பின்தங்கியிருந்தது என்று சொல்வதற்கில்லை.

மருந்தைவிட வலுவாக வேரூன்றியிருந்தது நோய்க்குக் கற்பிக்கப்பட்ட காரணம். முன்வினைப் பயன் என்பது ஒன்று. பரத்தையர் தொடர்பால் வருவது என்பது மற்றொன்று. அருணகிரிநாதர் இளமையில் காமத்தில் மூழ்கிப் பெருநோயுற்று, திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தபோது முருகனால் தடுத்தாட்கொள்ளப்பட்டார் என்று செவிவழிக் கதை கூறுகிறது. அதே நம்பிக்கை 1954-இல் வெளிவந்த ரத்தக்கண்ணீர் திரைப்படத்தில் எம். ஆர். ராதாவின் நடிப்பால் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் புதிய உயிர் பெற்றது. சமூகச் சீர்திருத்தம் பேசிய ஒரு படைப்பாளர் வட்டத்திலிருந்தே, நோயாளியை ஒழுக்கக்கேட்டின் சின்னமாகக் காட்டும் படம் வந்தது வருந்தத்தக்கது. உண்மையில் தொழுநோய்க்கும் உடலுறவு ஒழுக்கத்துக்கும் தொடர்பு ஏதும் இல்லை. சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கிப் பழகும்போது மூச்சுக்காற்றின் துளிகள் வழியாகத் தொற்றுவதாகவே அறியப்படும் இந்நோய்க்கு, மக்களில் மிகப் பெரும்பாலோர் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி உடையவர்கள்.

நம்பிக்கை சொத்துரிமையையும் தொட்டது. பழைய தர்மசாத்திர நூல்களை ஒட்டிய இந்துச் சட்டத்தில் பார்வையற்றோர், காது கேளாதோர், வாய் பேசாதோர் ஆகியோரோடு தீராத தொழுநோயுற்றோரும் பரம்பரைச் சொத்தில் பங்கு பெறும் தகுதி இழந்தோராகக் கருதப்பட்டனர். அவர்களுக்கு உரியது சோறும் துணியும் மட்டுமே. ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் இவ்விதியை அப்படியே எடுத்துக்கொண்டு, எத்தகைய தொழுநோய் உரிமையைப் பறிக்கும் என்று வழக்குக்கு வழக்கு ஆராய்ந்தன. 1928-இல் இயற்றப்பட்ட இந்து வாரிசுரிமைக் குறைநீக்கச் சட்டம், பிறவி மனநோய், பிறவி மனவளர்ச்சிக் குறைவு ஆகியவற்றைத் தவிர மற்ற உடற்குறைகளால் எவரும் பங்கை இழக்கமாட்டார் என்று விதித்தது. ஊனமுற்றோர் உரிமை வரலாற்றில் அதிகம் பேசப்படாத இச்சட்டத்துக்கு இன்னும் உயர்ந்த இடம் தரப்பட வேண்டும்.

தொழுநோய் குறித்த அரசின் கவலைக்கு வெளிநாட்டுத் தூண்டுதல்களும் இருந்தன. 1873-இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் நோயின் நுண்கிருமியைக் கண்டறிந்தார்; நோய் பரம்பரையாக வருவதில்லை, தொற்றுவதே என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. அதே ஹான்சன், தொற்றை மெய்ப்பிக்கும் ஆவலில் மருத்துவமனையிலிருந்த ஒரு பெண்ணின் கண்ணில் அவரது ஒப்புதலின்றியே நோய்ப்பொருளைச் செலுத்தியதற்காக 1880-இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, அம்மருத்துவமனைப் பதவியை இழந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நோயாளியின் உடல்மீது நோயாளிக்கே உரிமை உண்டு என்று ஒரு நீதிமன்றம் அன்றே கூறிய அரிய நிகழ்ச்சி அது. 1889-இல் ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் மொலக்காய்த் தீவில், தொழுநோயரிடையே பணியாற்றிய பாதிரியார் டாமியன் அந்நோயாலேயே இறந்தபோது ஐரோப்பாவில் பெரும் அச்சம் பரவியது. அதன் விளைவாக நியமிக்கப்பட்ட தொழுநோய் ஆணையம் 1890, 1891 ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பயணம் செய்து, தொற்றும் தன்மை மிகக் குறைவு என்றும் நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்துவைக்கத் தேவையில்லை என்றும் முடிவு கூறியது. ஆனால் 1897-இல் பெர்லினில் கூடிய முதல் உலகத் தொழுநோய் மாநாடு, நார்வேயை முன்மாதிரியாகக் காட்டி, பிரித்துவைத்தலையே பரிந்துரைத்தது. இந்திய அரசு தன் நாட்டிலேயே நடந்த ஆய்வை ஒதுக்கிவிட்டு, பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களில் வசதி படைத்தோர் எழுப்பிய கூக்குரலுக்குச் செவிசாய்த்தது.

அவ்வாறு பிறந்த 1898-ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம், அதாவது தொழுநோயாளர் சட்டம், யாரைக் குறிவைத்தது என்பது அதன் வரையறைகளிலேயே வெளிப்படுகிறது. முதலில் இயற்றப்பட்ட வடிவில், புண் உண்டாகத் தொடங்கிய நோயாளியே சட்டத்தின் பார்வையில் தொழுநோயாளர். அவர்களுள்ளும் பொது இடத்தில் பிச்சை கேட்பவர், புண்ணையோ ஊனத்தையோ காட்டி நிற்பவர், பிழைப்புக்கு வழி இல்லாதவராகத் தோன்றுபவர் ஆகியோர் வறிய தொழுநோயாளர் எனத் தனியே வகைப்படுத்தப்பட்டனர். அப்படித் தோன்றும் எவரையும் காவலர் பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். இதற்கென நியமிக்கப்பட்ட ஆய்வாளர் பரிசோதித்துச் சான்று தந்தால் நீதிபதி அவரைக் காப்பகத்துக்கு அனுப்பலாம். வீட்டுக்குள் மருத்துவரை வரவழைத்துக்கொள்ளும் செல்வருக்குப் புண் இருந்தாலும் கைது இல்லை. தொற்றைத் தடுப்பதே நோக்கமாக இருந்திருந்தால் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை. தெருவில் ஊனம் கண்ணில் படுவதும், அந்த ஊனம் ஏழையினுடையதாக இருப்பதுமே குற்றமாயின.

சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு இன்னும் நுணுக்கமானது. உணவுப் பொருள், பானம், மருந்து, துணி ஆகியவற்றை விற்பனைக்காகத் தயாரிப்பது அல்லது விற்பது, பொதுக் கிணற்றிலும் குளத்திலும் குளிப்பது, துணி துவைப்பது, தண்ணீர் எடுப்பது, ரயில் நீங்கலாக வாடகை வண்டிகளை ஓட்டுவது அல்லது அவற்றில் ஏறுவது ஆகியவற்றைத் தடைசெய்யும் அதிகாரம் உள்ளூர் நிர்வாகத்துக்கு அளிக்கப்பட்டது. மீறினால் 20 ரூபாய் வரை அபராதம். ஊருக்கு ஒரு குளமும் ஓரிரு கிணறுகளும் மட்டுமே இருந்த, சாதியால் ஏற்கெனவே பலர் அவற்றினருகே போக முடியாதிருந்த நாட்டில், இந்த ஒரு வரி என்ன செய்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீரும் தொழிலும் மறுக்கப்பட்டவர் பிச்சைக்கு வருவார். பிச்சைக்கு வந்ததும் அதே சட்டத்தின் இன்னொரு பிரிவால் கைதாவார்.

எல்லாரையும் அடைத்துவைக்க அரசிடம் பணமும் இல்லை, இடமும் இல்லை. ஆகவே காப்பகங்களை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் கிறித்தவ அமைப்புகளின் தோளில் விழுந்தது. அம்பாலாவில் ஆசிரியராக இருந்தபோது தொழுநோயரைக் கண்டு மனம் மாறிய அயர்லாந்துக்காரரான வெல்லெஸ்லி பெய்லி 1874-இல் தொடங்கிய தொழுநோயர் பணிக்கழகம் இவற்றுள் பெரியது. சென்னை மாகாணத்தில் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1920-களில் லேடி வில்லிங்டன் பெயரில் ஒரு குடியிருப்பு நிறுவப்பட்டது. இத்தகைய இடங்களில் சோறும் கூரையும் மருந்தும் கிடைத்தன என்பதை மறுப்பது நன்றியின்மையாகும். ஆனால் ஆணும் பெண்ணும் தனித்தனியே வைக்கப்பட்டதும், நோயற்ற பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்க்கப்பட்டதும் அந்த அன்பின் விலையாக இருந்தன. திருமணிக்குப் பொறுப்பேற்ற ராபர்ட் காக்ரேன் 1940-களில் சல்ஃபோன் வகை மருந்துகளை இந்தியாவில் முன்னோடியாகப் பயன்படுத்தியபோதுதான், தொழுநோய் தீரக்கூடியது என்ற நிலை முதன்முறையாக உருவாயிற்று.

நோய் தீர்ந்தும் தீராத ஊனத்தின் பக்கம் பார்வையைத் திருப்பியவர், கொல்லிமலையில் மதப்பணியாளர்களின் மகனாக 1914-இல் பிறந்த பால் பிராண்ட். லண்டனில் அறுவை மருத்துவம் கற்று 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவரை, சில மாதங்களில் காக்ரேன் திருமணிக்கு அழைத்துச் சென்றார். விரல்கள் மடங்கிப் போன ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையை வைத்து அழுத்தச் சொன்ன பிராண்ட், வலியால் கத்த நேர்ந்தது; பயனற்றது என்று எல்லாரும் தள்ளிய அந்தக் கையில் வலிமையான தசைகள் உயிரோடு இருந்தன. எந்தத் தசை செயலிழக்கிறது, எது பிழைக்கிறது என்று ஆயிரக்கணக்கான கைகளைச் சோதித்தும், திருமணியில் இறந்த ஒருவரின் உடலை இரவோடிரவாகச் சென்று அறுத்துப் பார்த்தும், பிராண்டும் அவருடைய குழுவினரும் ஒரு ஒழுங்கைக் கண்டார்கள். நரம்புகள் தோலுக்கு அருகே வந்து குளிரும் இடங்களில் மட்டுமே வீங்கிக் கெடுகின்றன. முன்கையின் ஆழத்திலுள்ள தசைகள் தப்பித்துவிடுகின்றன. தப்பிய தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நாரை, விரலுக்கு மாற்றித் தைத்தால் மடங்கிய விரல் நிமிரும். 1948-இல் வேலூரில் அத்தகைய அறுவைகள் தொடங்கின. பொது மருத்துவமனைகள் தொழுநோயரை வாயிலிலேயே திருப்பி அனுப்பிய காலத்தில் இது நடந்தது.

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு விரல்கள் ஏன் குறைகின்றன என்பதற்கான விடை. தொழுநோயரின் சதை தானே அழுகி உதிர்கிறது என்றே மருத்துவர்களும் நம்பிவந்தனர். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தம்மால் திறக்க இயலாமல் பிராண்ட் போராடியபோது, நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலில் சதை எலும்புவரை கிழிந்து இரத்தம் சொட்டியதை அவனே அறியவில்லை. வலி தெரியாத கை சூடான பாத்திரத்தைப் பிடிக்கும். முள் தைத்த கால் மாலை வரை நடக்கும். உறங்கும்போது எலி கடித்தாலும் விழிப்பு வராது. எலி கடிப்பது உறுதியானதும் நோயாளிகளின் குடிசைகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. விரல்களை அழித்தது கிருமி நேரடியாகச் செய்த அழுகல் அன்று, வலியின்மையால் நாள்தோறும் நேர்ந்த காயங்களே என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. காயத்தைத் தடுத்தால் விரலைக் காக்கலாம் என்பதும், புண்ணும் குறைவிரலும் தொற்றின் அறிகுறி ஆகா என்பதும் அதிலிருந்து கிடைத்த முடிவுகள். புண்ணை வைத்தே நோயாளியை வரையறுத்த 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அறிவியல் அடிப்படை அத்துடன் தகர்ந்துவிட்டது.

கை நிமிர்ந்தால் வாழ்வும் நிமிரும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. அறுவைக்குப் பின் ஊர் திரும்பியவர்களுள் சிலர், இந்தக் கைகளைக் கண்டு யாரும் பிச்சை போடுவதில்லை, தொழுநோயர் என்று தெரிந்து யாரும் வேலையும் தருவதில்லை என்ற முறையீட்டோடு வேலூருக்கே வந்தனர். ஊனத்துக்கு இரக்கம் காட்டிய சமூகம் திறமைக்குக் கூலி தர மறுத்தது. அதன் பின்னரே, 1950-களின் தொடக்கத்தில், கல்லூரி வளாகத்தை ஒட்டி மண்சுவர்க் குடிசைகளாக நவஜீவ நிலையம் எழுந்தது. வலி தெரியாத கைக்கு ஏற்ற பிடிகளோடு உளியும் ரம்பமும் அங்கே மாற்றியமைக்கப்பட்டன. இளைஞர்கள் தச்சு கற்று மரப்பொம்மைகள் செய்தார்கள். ஒவ்வொரு மாலையும் தம் கைகால்களைத் தாமே பார்த்துக் காயம் தேடும் பழக்கம் கற்பிக்கப்பட்டது. பாதப்புண்ணைத் தடுக்க நுண்துளை ரப்பரால் ஆன மென்மையான செருப்புகள் உருவாயின. பிராண்டின் மனைவியான மருத்துவர் மார்கரெட் பிராண்ட் மூடாத இமைகளைச் சீராக்கிப் பலரின் பார்வையைக் காத்தார். வேலூரில் தொடங்கிய இந்த முறைகள் உலகின் பல நாடுகளுக்குச் சென்றன.

இந்த வரலாற்றில் தனித்து நிற்பவர் மேரி வர்கீஸ். வேலூரில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயரின் கைகளுக்கு அறுவை செய்தார். கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்பதைப் பிராண்ட் எடுத்துக்காட்டியிருந்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கெனத் தனித்துறையை வளர்த்தார். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோர் வீடு திரும்பித் தாமே வாழப் பயிலும் இடமாயிற்று. ஊனமுற்றவரைக் கையேந்துபவராகவே அறிந்திருந்த சமூகத்தில், ஊனமுற்ற மருத்துவர் ஊனமுற்றவருக்கு அறுவை செய்த அந்தக் காட்சியின் பெறுமதி எந்தப் பிரசாரத்துக்கும் இல்லை.

நோயுற்றோர் தமக்காகத் தாமே பேசிய குரலும் தமிழகத்திலிருந்தே எழுந்தது. அரசியல் தலைவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியின் கடிதங்களைப் பதிப்பித்தவரான டி. என். ஜகதீசன் தாமே தொழுநோய்க்கு ஆளானவர். அதை மறைக்காமல் வெளிப்படையாகக் கூறியபடி, காக்ரேனோடு இணைந்து நோய்த்தடுப்புப் பணியில் ஈடுபட்டார். விழுப்புரத்தை அடுத்த மழவந்தாங்கலில் கஸ்தூரிபா நினைவாக அமைந்த நிலையம் அவருடைய முயற்சியோடு பிணைந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரெய்க்ஸ், நோயாளியைக் காப்பகத்துக்கு வரவழைப்பதை விட்டு மருத்துவமே நோயாளியிடம் போகட்டும் என்று, செங்கற்பட்டு மாவட்டத்தின் பொலம்பாக்கத்தை மையமாகக் கொண்டு சாலையோர மரத்தடிகளில் சிகிச்சை தந்தார். அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்த கிளேர் வெல்லு இந்தியக் குடியுரிமை பெற்று இங்கேயே வாழ்ந்தார். நோயாளி வீட்டிலேயே இருந்து, வேலையையும் விடாமல் மருந்து உண்ண முடிந்தது.

1955 என்ற ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால், நாட்டின் இரு மனநிலைகளும் அருகருகே நிற்பதைக் காணலாம். தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது அவ்வாண்டில். திருமணிக் குடியிருப்பை மத்திய அரசு ஏற்று ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமாக்கியது அவ்வாண்டில். வேலூருக்கு அருகே கரிகிரி மருத்துவமனை எழுந்ததும், பொலம்பாக்கம் பணி தொடங்கியதும் அவ்வாண்டில். அதே 1955-இல் நிறைவேறிய இந்துத் திருமணச் சட்டம், கடுமையான, தீராத தொழுநோயை மணவிலக்குக்கான காரணமாக்கியது. ஒரு கை மருந்தை நீட்ட, மறு கை வீட்டை விட்டு வெளியேற்றும் தீர்ப்பை எழுதியது. உலக சுகாதார நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, அதாவது ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகியவற்றைச் சேர்த்துத் தரும் முறை, தீராத தொழுநோய் என்ற ஒன்றையே இல்லாமல் ஆக்கிய பின்னும் அந்த வாசகம் சட்டத்தில் நீடித்தது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், தொழுநோயிலிருந்து குணமாகியும் ஊனத்தோடு வாழ்வோரைத் தான் ஏற்ற ஏழு பிரிவுகளுள் ஒன்றாக்கியது. ஆயினும் ஒடிசாவின் நகராட்சிச் சட்டப்படி தொழுநோயர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்ற விதியை 2008-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று ஏற்று, மறுபரிசீலனையைச் சட்டமன்றத்துக்கே விட்டது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவர், நோயின் பெயரால் பதவி இழந்தார்.

சட்ட ஆணையம் 2015-இல் தன் 256-ஆம் அறிக்கையில் இவற்றையெல்லாம் தொகுத்துக் காட்டிய பிறகே நாடாளுமன்றம் அசைந்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்கோ பிரிந்து வாழ்வதற்கோ காரணமாகக் கொண்டிருந்த ஐந்து தனிநபர் சட்டங்கள் 2019-இல் திருத்தப்பட்டன. இதற்கிடையே, 2005-ஆம் ஆண்டின் இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோய் இருப்பதாகக் கணக்கிட்டு, தேசிய அளவில் ஒழிப்பு இலக்கு எட்டப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த அறிவிப்புக்குப் பின் கவனம் தளர்ந்தது. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியர்களே. இவர்களுள் ஒரு பகுதியினர், கண்ணுக்குத் தெரியும் ஊனம், அதாவது இரண்டாம் நிலை ஊனம், ஏற்பட்ட பின்னரே மருத்துவரிடம் வருகிறார்கள். ஊரார் அறிந்தால் என்ன ஆகும் என்ற அச்சமே அவர்களில் பலரைத் தாமதிக்க வைக்கிறது.

மாநிலச் சட்டங்களிலும் உள்ளாட்சி விதிகளிலும் எஞ்சியிருக்கும் தொழுநோய்த் தடைகளைத் தேடி எடுத்து நீக்குவது சட்டமன்றங்கள் இனியும் தள்ளிப்போடக் கூடாத கடமை. வாசகர்கள் செய்யக்கூடியது எளியது: உங்கள் உடலிலோ பிறர் உடலிலோ தொட்டால் உணர்வில்லாத படை ஒன்றைக் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள், மற்றவரையும் அழைத்துச் செல்லுங்கள்; மருந்து இலவசம், அதைத் தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது.